எலிப்பல்லும் கண்ணகையின் பாட்டும்

சேசு மரி சூசை துணை

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
மாசி, 1974

அன்பு மகள் செசீலியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே ஒருவருக்கும் குறைவில்லை, அப்பாவின் இருமல்கூட மாரி மழையோடு போய்விட்டது, இப்போது வாவியில் தூண்டில் போடப் போகிறேன் என்று மத்தியானமே கிளம்பிவிடுகிறார், மீன் கொண்டுவருவதில்லை, கதைதான் கொண்டுவருகிறார். உனக்கு அங்கே குளிர் எப்படி, காலுறை போட்டுக்கொண்டு படுக்கிறாயா. காத்தான்குடி ஹவ்வா உம்மா சீலை விற்க வந்தபோது நீ என்ன படிக்கிறாய் என்று கேட்டா. எலியை வைத்து, பல்லின் எனாமல் எப்படி உண்டாகிறது என்று பார்க்கிறாள் என்றேன். "எலிக்குப் பல்லுப் பார்க்கவா புள்ளைய சீமைக்கு அனுப்பின நீங்க" என்று கேட்டுச் சிரித்தா. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

தம்பி சில்வெஸ்டர் படிப்பிக்கிற, காடு வெட்டிக் குடியேற்றின ஊர்ப் பள்ளியில் கண்ணகை என்றொரு பிள்ளை, நல்ல பாட்டுக்காரி, அவளைப் பற்றி அவனே உனக்கு எழுதியிருந்தான் அல்லவா. கலைவிழாவுக்குப் பாட்டுப் பழக்கும்போது பெரியவாத்தியார் இராசதுரை அவளுடைய முன்பற்களில் மண்ணிறப் பட்டையும் சிறு குழிகளும் இருப்பதைக் கண்டு, பல் தீட்டாத பிள்ளை முன்னுக்கு நிற்கக்கூடாது என்று பின்வரிசைக்கு அனுப்பிவிட்டாராம். அவள் வீட்டுக்குப் போய்க் கரியும் மணலும் போட்டுப் பல்முரசில் இரத்தம் வரும்வரை தேய்த்திருக்கிறாள். பட்டை போகவில்லை. அதோடு பாட்டும் நின்றுவிட்டது. தம்பி வீட்டுக்கு வந்து, "வாயப் பொத்திக்கொண்டுதான் கதைக்காள் அம்மா" என்று சொல்லிவிட்டுச் சோறு தின்னாமல் எழும்பிப் போனான்.

உன் பதில் வந்ததும் நானும் அவனும் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு வாசித்தோம். எனக்கு விளங்கினதைச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்து. பல் வெளியே தெரியுமுன், பிள்ளை தவழ்கிற வயதிலேயே, முரசுக்குள் நுண்ணிய உயிரணுக்கள் வரிசையாக நின்று எனாமலைக் கட்டுகின்றன. இரத்தத்திலிருந்து கல்சியத்தையும் மற்ற உப்புகளையும் வேண்டிய அளவு மட்டும் எடுத்துப் பல்லுக்குக் கொடுக்கின்றன, முதலில் மென்மையாக இருப்பதிலிருந்து பிறகு ஈரத்தையும் புரதத்தையும் உறிஞ்சி எடுத்து அதைக் கல்லாக இறுக்குகின்றன. குடிக்கிற தண்ணீரில் புளோரைட்டு மிஞ்சிவிட்டால் அந்த வேலை குழம்பி, எனாமல் இறுகாமல் துவாரம் துவாரமாக நிற்கும், பிறகு நிறம் ஏறும். அந்த உயிரணுக்கள் அளவை எப்படிப் பிடிக்கின்றன என்பது முழுதாக யாருக்கும் தெரியாது, அதைத்தான் தேடுகிறோம் என்று நீ எழுதியதை வாசித்தபோது எலியின்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

தம்பி பெரியவாத்தியாரோடு வாதாடப் போகவில்லை. கண்ணகையின் அண்ணனைக் கூட்டிப்போய் அவர் முன் நிறுத்தினான். அவன் வளர்ந்த பிறகு குடியேற்றத்துக்கு வந்தவன், பல் தீட்டுவதில் அவளைவிடச் சோம்பேறி, பல்லோ பால்போல் வெள்ளை. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் பட்டை. அவர் ஒவ்வொரு பிள்ளையாக வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நான்தான் கண்ண மூடிக்கொண்டு பேசியிரிக்கன்" என்றாராம். நல்ல மனுசன். அங்கே வீடுகளுக்குக் கிட்ட ஓர் ஆழக் கிணறும் தூரத்தில் குளக்கட்டில் ஒரு கிணறும் இருக்கின்றன, இரண்டின் தண்ணீரையும் போத்தலில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பியவரும் அவர்தான். நீ சந்தேகப்பட்டது சரி, ஆழக் கிணற்றில் புளோரைட்டு அதிகம், குளக்கட்டுக் கிணற்றில் குறைவு. ஆனால் ஆழக் கிணறு வாசலில் கிடக்கிறது, தண்ணீரும் பளிங்கு, குளக்கட்டுக்குப் போகச் சொல்லியும் கண்ணகையின் தாய் அசையவில்லை. "இந்தத் தண்ணியக் குடிச்சித்தானே நாங்க உசிரோட இரிக்கம்" என்றா.

தம்பி இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது கண்ணகை அவனிடம் கேட்டது ஒன்றுதான், "அந்த உயிரணு திரும்ப வந்து என்ட பல்லத் திருத்துமா சேர்". பல் முளைத்ததும் அவை இல்லாமல் போய்விடும் என்று நீ எழுதியிருந்தாயே, அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறான். பிறகு, "அப்ப என்ட பல்லு இப்படித்தான். எங்கட குஞ்சன்ட பல்லு இன்னும் முரசுக்குள்ளதானே இரிக்கு" என்றாள். குஞ்சன் அவள் கடைசித் தம்பி, தவழ்கிறான். அன்றைக்கே குடத்தை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போனவள்தான், இன்றுவரை அவனுக்கு அந்தத் தண்ணீர்தான். பிறகு தாயும் போகத் தொடங்கினா, இப்போது கைப்பிள்ளைக்காரிகள் எல்லோரும் போகிறார்கள்.

போன கிழமை விழாவுக்கு அப்பாவும் நானும் பஸ்ஸில் போனோம். முன்வரிசை நடுவில் கண்ணகை. முதல் அடியைக் கையால் வாயை மறைத்துத்தான் பாடினாள். மேல்சுரம் வந்ததும் கை தானாக இறங்கிவிட்டது. பட்டை போட்ட பல் அத்தனையும் தெரிய, என்ன பாட்டு மகள். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, அப்பாவுக்கென்று தனியாக இரண்டு வரி எழுது, வெளியே சொல்லமாட்டார், எதிர்பார்க்கிறார். கஜுப் பருப்பு வறுத்து அனுப்புகிறேன், அறைத் தோழிகளுக்கும் கொடு. தேவதாய் உன்னைத் தன் சேலைக்குள் வைத்துக் காப்பாராக. குஞ்சனுக்குப் பால்பல் விழுந்து மறுபல் முளைக்க இன்னும் ஆறேழு வருஷமாகும், அதை முதலில் பார்க்கிற ஆள் நீதான் என்று கண்ணகை சொல்லிவிட்டிருக்கிறாள். அவ்வளவு காலம் எனக்குப் பொறுக்காது, அதற்கு முன்னே ஒருதரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா,
மக்டலின்