ஆற்றங்கரையில் சாப்பிடுகிறவர்கள்

ஜனவரி 9, வெள்ளி

இந்த அரபு நாட்டு ராஸ் அல் கைமாவில் விடிந்தும் மூடுபனி. தயிர் உறையவில்லை. முட்டிக்குத் தைலம் வாங்க வேண்டும்.

பேத்தி யாழினி பள்ளிக்கூடத்துக்காக ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறாள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வெள்ளைக்கார ஓவியம். ஆறு, பெரிய மரங்கள், புல்லில் விரிப்பு. வெள்ளைப் பாவாடைப் பெண்கள் குடையும் கையுமாகச் சாப்பிடுகிறார்கள். தூரத்து வயலில் நாலைந்து பேர் குனிந்து கதிர் அறுக்கிறார்கள். நகக்கண் அளவு. கண்ணு மூக்கு கிடையாது.

"இவங்களுக்கு ஆக்கிக் கொண்டாந்தது யாருடி?"

"அப்பத்தா, அது பிக்னிக். நேச்சரை ரசிக்கிறாங்க."

"குனிஞ்சு கெடக்குறவளுமா?"

"அவங்க சும்மா அழகுக்குன்னு மிஸ் சொன்னாங்க."

அழகுக்காம். மிஸ் ஒரு நாள் கதிர் அறுத்துப் பார்க்கட்டும்.

சாயந்திரம் குமரேசன் ஒரே சிரிப்போடு வந்தான். டைல்ஸ் கம்பெனி மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் பிக்னிக் கூப்பிட்டாராம், குடும்பத்தோடு. என் மகன் அங்கே சூப்பர்வைசர், சாதாரண ஆள் இல்லை. இருந்தாலும் இத்தனை வருடம் கூப்பிடாதவர் இப்போது ஏன்?

ஜனவரி 10, சனி

இதமான வெயில். தைலம் வந்தது, வாசனை சரியில்லை. மருமகள் செல்வி குமரேசனுடைய நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். போதாதென்று மறுபடியும்.

காரில் அடுப்பு ஏற்றினான்.

"கரி யாரு வாங்குனது?"

"நாந்தான்."

"மசாலா தடவுனது?"

"செல்வி."

"அப்ப நீ விருந்தாளியா, சமையக்காரனா?"

"ஆத்தா, ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்! நம்மளையும் மனுசனா மதிச்சுக் கூப்புடுறாரு. நாளைக்கு சாரோட ஒக்காந்து சாப்புடப் போறேன், பாரு."

கார் கதவைப் படாரென்று சாத்தினான். செல்வியிடம் சொல்லிவைத்தேன்: அங்கே ஒரு தட்டைக்கூடத் தூக்காதே. நானும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழமாட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

மொட்டை மலைகள். நடுவே கொஞ்சம் தண்ணீர், நாலு மரம். பெரிய கார்பெட் விரித்திருந்தார்கள். மேனேஜர் சென்னைக்காரர். அவர் மனைவி என் முதுகுக்குத் தலையணை வைத்தாள். "அம்மா, நீங்க அசையவே கூடாது." செல்வியையும் வேலை செய்ய விடவில்லை. நல்ல பெண்தான். ஆனாலும் ஒரு கண் வைத்திருந்தேன்.

மலை அழகு, காற்று அழகு என்று பேச்சு. நானும் தலையாட்டினேன்.

குமரேசன் வந்ததிலிருந்து அடுப்படியில். நீலச் சட்டை முழுக்கப் புகை. "குமரேசா, ஜல்தி! பசங்களுக்குப் பசிக்குது." சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டார் மேனேஜர். எல்லோருக்கும் தட்டு கொண்டுவந்து வைத்தான். எனக்கும். கறி பஞ்சாக இருந்தது. பாதி தின்ற பிறகுதான் உறைத்தது. எங்களை யாரும் வேலை வாங்கிவிடக் கூடாதென்று காவல் காத்துக்கொண்டே, பெற்ற பிள்ளை பரிமாற உட்கார்ந்து தின்றிருக்கிறேன்.

எழுந்துவிட்டேன். முட்டி கடகடவென்றது. தட்டோடு அடுப்படிக்குப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

"ஆத்தா, அங்க போ. சார் பாக்குறாரு."

"பாக்கட்டும். வாயத் தொற."

முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு வாங்கினான். நல்ல பசி. இரண்டாவது வாய்க்கு அவனே குனிந்தான்.

"குமரேசா, அடுத்த பிளேட் என்னாச்சு?"

இடுக்கியைக் கீழே வைத்தான்.

"சாப்புடுறேன் சார்."

இன்னொரு வாய் பிய்த்துக் கொடுத்தேன்.