காலி வட்டில் இடமில்லை

நேற்று வேங்கிக்காலில் ஏடிஎம் அறைக்குள் போனேன். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டு திறக்க மறுத்தது. நாள்பட்ட ஏசியும் ஈரக் கம்பளமும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் மூச்சு முட்டியது, உன் ஞாபகம் வந்தது. யாரோ வெளியிலிருந்து இழுத்துத் திறந்துவிட்டார்கள். நீ செத்துப்போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதையெல்லாம் இனி யாரிடம் சொல்லிச் சிரிப்பேன்?

செங்கம் சாலையில் நாம் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரிலும் இதே வாடைதான். எண்பதுகளின் கடைசி. ஊரில் வீடு வீடாகக் கணக்கெடுத்த விவரங்களை யூனிக்ஸ் மெஷினில் ஏற்றும் வேலை. முதலாளி அரசாங்க ஆபீஸில் சூப்பரண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். சேரும்போதே நம் இருவரின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். "ஆபீஸ்ல ஒரு வீட்டுக்கு ஒரு ஃபைலும்மா. மெஷின்லயும் அப்படித்தான் இருக்கணும்" என்பது அவர் சட்டம். நாலு வரி விவரத்துக்கு ஒரு கோப்பு என்று போட்டுத் தொலைத்தோம்.

கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் காலை உனக்கு மெட்ராஸில் இன்டர்வியூ. ஒரிஜினல் கட்டாயம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். "பாக்கித் தெருவை ஏத்திடும்மா, வந்து எடுத்துக் குடுக்கறேன்" என்று தீபத்தன்று சொன்ன சூப்பரண்டு, கூட்டம் உள்ளே புகுந்துவிடும் என்று ஷட்டரை இறக்கி, நம்மை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். வருஷா வருஷம் அப்படித்தான்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது. இடமில்லை என்றது.  மெஷினின் டிஸ்கில், அந்த வட்டில், எவ்வளவு இடம் காலி என்று கேட்க, சி மொழியில் எழுதிவைத்திருந்த சின்ன புரோகிராமை நீ ஓட்டினாய்.

"இன்னாடி இது! பாதிக்கு மேல காலின்னு காட்டுது."

"அப்போ புரோகிராம் தப்பு."

"புரோகிராம் தப்பில்லடி. நான் கேட்டதுதான் கம்மி."

உன் புரோகிராம் யூனிக்ஸிடம் கேட்ட யூஸ்டாட் என்ற அழைப்பு இரண்டு எண்களைக் கொண்டுவந்து தரும்: விவரம் எழுதக் காலியாக உள்ள இடத்துண்டுகளான பிளாக்குகள், கோப்புகளுக்குப் பதிவுச்சீட்டு மாதிரியான ஐநோடுகளில் மிச்சமுள்ளவை. கோப்பு எவ்வளவு சின்னதானாலும் அதற்கென்று ஒரு ஐநோடு வேண்டும். நீ முதல் எண்ணை மட்டும்தான் அச்சிட்டிருந்தாய். இன்னொரு வரி சேர்த்து ஓட்டினாய். பூஜ்ஜியம். லாட்ஜில் அறைகள் காலியாகக் கிடக்க, கொடுக்கச் சாவி இல்லாத கதை. சூப்பரண்டு சட்டம் நம் சாவியையெல்லாம் தின்றிருந்தது.

ஒவ்வொரு தெருவிலும் முதல் வீட்டின் கோப்பிலேயே மற்ற வீடுகளை ஒட்டி, ஒட்டியதும் பழையதை அழித்துச் சாவிகளை மீட்டாய். கை தவறினால் அத்தனையும் போச்சு. நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஊரே முழங்கியபோது கடைசித் தெருவும் ஏறிவிட்டது. மலையில் தீபம் எரிந்தது, நாம் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சூப்பரண்டு ஷட்டரைத் தூக்கிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். திரையைப் பார்த்தார்.

"ஃபைலு கம்மியா இருக்கே. ஒரு வீட்டுக்கு ஒன்னுன்னு சொன்னேனா இல்லியா?"

விளக்கிச் சொன்னாய். தொண்டை வற்றச் சொன்னாய்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பழையபடி பண்ணு, அப்புறம் வாங்கிக்கோ."

"அப்போ நீங்களே வெச்சுக்கோங்க சார்" என்றாய். அந்தப் புரோகிராமின் பிரின்ட் அவுட்டைப் பிரின்டரிலிருந்து கிழித்தெடுத்துப் பைக்குள் திணித்தாய். வாசலுக்கு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"நீயும் வாடி. கதவு திறந்துதான் இருக்குது."

"சர்டிபிகேட் இல்லாம எங்கடி போறது? அப்பா கொன்னுடுவாரு."

கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக முட்டி மோதிப் போனாய். திரும்பிப் பார்ப்பாய் என்று நின்றேன். பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தைக் காட்டிப் பேசியே வேலை வாங்கிவிட்டதாகப் பிறகு எழுதினாய். படித்துவிட்டு ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்திலும் வயிற்றெரிச்சலிலும்.

இன்றும் யார் என்னிடம் இடமில்லை என்றாலும் உடனே நம்புவதில்லை. எது தீர்ந்துபோச்சு என்று கேட்கிறேன். அது உன்னிடம் கற்றது. ஆனால் அன்று சாயங்காலம் அந்த வாசலில் எனக்கு எது தீர்ந்துபோயிருந்தது என்று மட்டும் இதுவரை கேட்டுக்கொண்டதில்லை. மணிக்கட்டில் உன் பிடி அப்படியே இருக்குதுடி, பாவி.