சுண்ணாம்பின் சூடு

நாள் 2 — 07:20
ஆழ்நிலைக் கூடம், கடல்மட்டத்துக்குப் பதினெட்டு மீட்டர் கீழே. அழுத்தம் சீர். கரியமிலவாயு 0.4 சதவீதம். ஈரப்பதம் அதிகம். காகிதம் நமுத்துப்போகிறது.

இதைப் பின்னால் எடுத்துப் படிப்பவருக்கு: நான் டாக்டர் ஜெசிந்தா, உடலியங்கியல், இந்தச் சுற்றின் பார்வையாளர். கடற்படையின் ஆழ்கடல் அதிரடிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் கடைசிச் சுற்று இது. நூற்றுப் பன்னிரண்டு பேரில் மூவர் மிஞ்சியிருக்கிறார்கள்: தீர்த்தகிரி, அன்வர்தீன், சத்பீர். பயிற்சியாளர் சீஃப் ஜெபமணி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். பேச்சு இன்டர்காம் வழியே. காற்று மட்டும் இருபக்கத்துக்கும் ஒன்று.

அவர்கள் நால்வர் கழுத்திலும் தோலுக்கு அடியில் நெல்மணி அளவு ஒரு தணிப்பான் இருக்கிறது. மூச்சு முட்டும் உணர்வை அது மூளைக்குப் போகவிடாது. முட்டாதவன் பதறமாட்டான் என்பது திட்டம். எனக்குப் பொருத்தவில்லை. பாலூட்டும் தாய்க்கு அனுமதி கிடையாது.

மகள் மிரியத்துக்கு எட்டு மாதம். தாய்ப்பாலை எடுத்துக் கப்பல் வழியே வீட்டுக்கு அனுப்புகிறேன்.

நாள் 2 — 16:05
அவர்கள் பக்கச் சுவரில் சிவப்புக் கயிறு. விலக நினைப்பவன் தன் மணிக்கட்டுப் பட்டையைக் காட்டினால் பூட்டு திறக்கும். இழுத்தால் மேலே கப்பலருகில் மிதவை எழும்பும். பத்து நிமிடத்தில் மீட்பு முக்குளிப்பவர்கள் அழுத்தக் கூண்டோடு வருவார்கள். இழுத்தவன் பெயர் அன்றோடு நீக்கம். மறு விண்ணப்பம் கிடையாது. முன்பு ஒருவனுக்காக இன்னொருவன் இழுத்துவிட்டதால்தான் இந்தப் பட்டை. என் கையில் பட்டை இல்லை. சீஃபுக்கும் இல்லை.

தீர்த்தகிரிக்கு இது மூன்றாவது முயற்சி. வயது வரம்பின்படி கடைசி. தர்மபுரிப் பக்கம். கல்குவாரிக் குட்டையில் நீந்தப் பழகியவன்.

நாள் 3 — 09:30
வீட்டிலிருந்து வந்த ஒலிச்செய்தி, கணவர் அருள்:
“ஜெசி, பால் வந்துச்சு. மூடியைத் தொறந்தா சோடா மாதிரி நுரை பொங்குது. குடுக்கலாமா? இவ வேற கத்துறா. நீ சாப்ட்டியா?”

கொடுக்கலாம். இந்த அழுத்தத்தில் பாலில் கரைந்த காற்று மேலே போனதும் வெளியேறுகிறது, அவ்வளவுதான். நேராக நீந்தி மேலே போனால் எங்கள் இரத்தமும் அப்படித்தான் பொங்கும். அதனால்தான் கூண்டு.

நாள் 3 — 17:45
காற்றைச் சுத்தம் செய்யும் சுண்ணாம்புக் குடுவைகள் நாளுக்கு இரண்டு செலவாகின்றன. தீர்ந்ததும் உள்ளே ஊதா நிறம். மூன்று நாளில் தீர்ந்த ஆறையும் பண்டக் கூடையில் மேலே அனுப்பினேன். அதே கூடையில் பால் பெட்டி. பனிக்கட்டி உருகத் தொடங்கிவிட்டது. கூடைக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். அவசர அவசரமாகக் கட்டினேன். இரண்டு மணிநேரத் தூக்கம், நேற்றும் அப்படித்தான்.

நாள் 4 — 18:10
ஆறு புதிய குடுவைகள் வந்தன. உள்ளே பால் வெள்ளை. கப்பல்காரர்கள் இந்த முறை சுறுசுறுப்பு.

நாளை காலை ஆறு முதல் மாலை ஆறு வரை போலி அபாயம். கரியமிலவாயு அளவு ஏறுவதுபோல் மானி பொய் காட்டும். அந்த எண்களை எழுதியவள் நான். அந்தப் பன்னிரண்டு மணிநேரம் கீழிருந்து யார் கூப்பிட்டாலும் கப்பல் பதில் தரக்கூடாது. ‘நானே கேட்டாலும்’ என்று ஆணையில் என் கையால் சேர்த்தேன். போன குழுவில் ஒரு டாக்டர் இரக்கப்பட்டுப் பாதியில் நிறுத்தி எல்லாவற்றையும் பாழாக்கினார். கயிறு இழுபட்டால் மட்டும் வருவார்கள்.

நாள் 5 — 05:40
பழைய குடுவைகளை மாற்றினேன். பால் எடுத்தேன். நூறு மில்லிகூட இல்லை.

நாள் 5 — 06:00
தொடக்கம். மானி 1.0, என் எண். தண்டால் இருநூறு, பிறகு எடை தூக்கல்.

நாள் 5 — 07:30
தலைவலி. நெற்றிப்பொட்டில் அடிக்கிறது. என் மூச்சு நிமிடத்துக்கு இருபத்திரண்டு. தூக்கமின்மை என்று எழுதிக்கொள்கிறேன். மூவரும் உற்சாகம்.

நாள் 5 — 08:15
மூச்சு இருபத்தெட்டு. மானி 4.1. பொய் என்று தெரியும், நான்தானே எழுதினேன். என் பொய்யை என் உடம்பே நம்புகிறதா?

இன்டர்காம், சீஃப்:
“டாக்டரம்மா, முகமெல்லாம் வெளுத்திருக்கே. பிள்ளைய விட்டுட்டு வந்த வெசனம், வேற என்ன. எனக்கு மூணு பிள்ளைய. மூத்தவனப் பாத்ததே அவனுக்கு நாலு மாசத்துல. கொஞ்சம் படுங்கம்மா.”

படுத்தேன். படுத்தால் இன்னும் முட்டுகிறது. இது வெசனம் இல்லை.

நாள் 5 — 08:40
சுண்ணாம்பு வேலை செய்தால் சூடாகும். குடுவையின் மேல் கை வைத்தேன். சில்லென்று இருக்கிறது. இரண்டும்.

கழற்றி அடியைப் பார்த்தேன். மாட்டிய நாளை அடியில் குறிப்பது என் வழக்கம். பேனா மையில், என் கையெழுத்து: நாள் 1. மற்றது: நாள் 1. அலமாரியில் நான்கு: நாள் 2, நாள் 2, நாள் 3, நாள் 3.

தீர்ந்த குடுவைகள். சும்மா கிடந்தால் ஊதா மறைந்து வெள்ளையாகிவிடும். முதல் வருடப் பாடம். அதற்காகத்தான் கறுப்பு நாடா ஒட்டச் சொல்வார்கள். நான் ஒட்டவில்லை. பால் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளையாக இருந்ததால் கப்பல் திருப்பி அனுப்பிவிட்டது.

நாள் 5 — 08:52
கப்பலைக் கூப்பிட்டேன். ஒன்பது முறை. இரைச்சல்தான். என் ஆணையை ஒழுங்காக நிறைவேற்றுகிறார்கள்.

மூவரிடமும் சொன்னேன். ஒருவர் கயிறை இழுத்தால் போதும். மீட்பு ஆட்கள் சொந்த மானியோடு வருவார்கள், உண்மை அளவு தெரிந்துவிடும்.

இன்டர்காம், அன்வர்தீன்:
“மேடம், சூப்பர். கண்ணுல தண்ணியெல்லாம் வருதே! எங்க ராமநாதபுரத்துல நாடகம் போட்டா உங்களுக்குத்தான் மொத பரிசு.”
சீஃப்:
“லேய், மேடத்த கிண்டல் பண்ணாத. டாக்டரம்மா, பயிற்சியில இந்த நடிப்பும் உண்டுன்னு எனக்கே சொல்லலியே. நல்லாயிருக்கு.”

குடுவையைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். சத்பீர் கட்டைவிரலை உயர்த்தினான். அவர்கள் உதடு நீலம். சிரிக்கிறார்கள்.

நாள் 5 — 09:06
சீஃப் உட்கார்ந்தார். “நல்லாத்தான் இருக்கேன்” என்றார். சரிந்தார். சிரித்த முகம் அப்படியே.

அன்வர்தீன்:
“சீஃப் மேடத்தவிட நல்லா நடிக்கிறாரு.”

எழுத்து கோணுகிறது. கண்ணாடிச் சுவரின் கதவைத் திறக்கிறேன். விதிமீறல். போகட்டும்.

நாள் 5 — 09:11
உள்ளே. குடுவையைத் தீர்த்தகிரி கையில் வைத்தேன். நீளமாகப் பேச மூச்சில்லை. அவன் இரண்டு உள்ளங்கையாலும் பிடித்தான். தலைக்கு மேலே ஒலிவாங்கி. பேச்சைப் பதிவிலிருந்து பின்னால் இங்கே சேர்த்தேன்:

“எங்கப்பாரு சுண்ணாம்புக் காளவாயில வேல பாத்தவரு மேடம். உசுரிருக்கிற சுண்ணாம்புன்னா கையச் சுட்டுரும். இது செத்த சுண்ணாம்பு.”
“ஆமா.”
“எனக்கு ஒண்ணுமே தெரியல மேடம். ஜம்முனு இருக்கு. இதுதான் சோதனையா இருந்தா? இழுத்தா எம்பேரு போயிரும். மூணு வருசம். ஊருல எல்லாருக்கும் சொல்லியாச்சு.”
“என் பிள்ளை மேல சத்தியம், தீர்த்தகிரி.”

மறுபடி குடுவையைத் தொட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. குடுவையைத்தான் பார்த்தான்.

பட்டையைக் காட்டினான். இழுத்தான்.

அன்வர்தீன்: “டேய் மாமா, தோத்துட்டியேடா!”

நாள் 5 — 09:1
வெளிச்சம் சுருங்குகிறது சீஃப் மூச்சு இருக்கிறது எண்ணுகிறேன் எட்டு மிரியம் அழும் சத்தம் இல்லை அது எச்சரிக்கை மணி பால் கசிகிறது சட்டை நனைந்து

தட்டுகிறார்கள்

நாள் 7 — 14:00
கப்பல், அழுத்த அறை. மீட்பு ஆட்களின் மானி காட்டிய அளவு 6.3 சதவீதம். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் யாருமில்லை. ஐந்து பேரும் பிழைத்தோம். சீஃப் இன்று கண் விழித்தார். முதலில் கேட்டது: “எவன்லே கயித்த இழுத்தது?”

நாடா ஒட்டாதது என் தவறு. விரிவாக எழுதி, கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

நாள் 8 — 11:20
தலைமையிடத்திலிருந்து செய்தி, அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

“ஆறு சதவீதத்துக்கு மேலும் தணிப்பான் பொருத்திய எவரும் பதற்றம் காட்டவில்லை. சோதனை வெற்றி. தேர்வானோர்: அன்வர்தீன், சத்பீர். விலகியவர்: தீர்த்தகிரி. விதியில் மாற்றமில்லை. பார்வையாளரின் பதற்றம் குறுக்கீடாக அமைந்தது. அடுத்த குழு முதல் பார்வையாளருக்கும் தணிப்பான் பொருத்தப்படும்.”

மறுத்து மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: பெறப்பட்டது.

நாள் 9 — 08:00
அறைக் கதவு திறந்தது. தீர்த்தகிரி பையோடு நின்றான். அவன் அப்பாவிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் மேடம், நானே சொல்லிக்கிறேன் என்றான். போகும்போது, பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

இன்று அடுத்த குழுவுக்கான சாமான்கள் கீழே இறங்குகின்றன. இந்தக் குறிப்பேட்டைக் கூடையில், குடுவைகளுக்கு நடுவே செருகுகிறேன்.

என் இடத்தில் உட்காரப் போகிறவருக்கு: மானியை நம்பாதீர்கள். நிறத்தை நம்பாதீர்கள். கப்பலைக் கூப்பிட்டால் பதில் வராத நாள் ஒன்று உங்கள் அட்டவணையிலும் இருக்கும். மணிக்கு ஒருமுறை குடுவையைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்க வேண்டும்.

சில்லென்று இருந்தால், நீங்கள் நன்றாக இருப்பதாகத்தான் உங்களுக்குத் தோன்றும்.