மா கின் வாங்கிய அடி

வெள்ளிக்கிழமை, இரவு.

மனம் நிறைந்திருக்கிறது.

பழங்கால ஐரோப்பிய வீரர்கள் அணிந்ததைப் போல நான் செய்த இரும்புத் தலைக்கவசத்தை இன்று இன்சீனில் உள்ள என் பட்டறையிலிருந்து வீடியோவில் காட்டினேன். பார்த்தவர் ஜெர்மனிக்காரர், பழைய போர்களை நடித்துக் காட்டும் குழுவின் தலைவர். அழகாக இருக்கிறது, ஆனால் அடி தாங்குமா என்று கேட்டார். மரக்கட்டையில் மாட்டி அடித்துக் காட்டலாம் என்று கட்டையை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் என் பர்மிய மனைவி மா கின் கவசத்தைத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"கோ முருகன், அடிங்க," என்றாள், எப்போதும்போல என் பெயருக்கு முன்னால் பர்மிய மரியாதைச் சொல்லைச் சேர்த்து.

"பைத்தியமா ஒனக்கு? கழட்டு."

"ஒங்க வேலைய நீங்களே நம்பலேன்னா அவரு எப்படி நம்புவாரு?"

மெதுவாகத் தட்டினேன். "கொசுவா அடிக்கிறீங்க?" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டுக்கட்டையை ஓங்கி இறக்கினேன். பட்டறையே அதிர்ந்தது. கவசத்தைக் கழற்றியபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தகடு கொஞ்சமும் நெளியவில்லை.

குழுவில் எல்லோருக்கும் செய்யச் சொல்லிவிட்டார் அந்த மனிதர். சந்தோஷம்தான். இப்போது அவள் தூங்குகிறாள். தலையைத் தடவிப் பார்த்தேன், வீக்கம் எதுவும் இல்லை.

என் வேலைக்குள் தலையைக் கொடுக்க அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?