கடல் தெரிகிற மேஜை

வறுத்த வஞ்சிரத்தின் வாசனை மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, கோவளத்துக்குப் பக்கத்தில், அதே ரிசார்ட்டில், கடலைப் பார்த்த அதே மாடி ஓட்டலில் உட்கார்ந்திருந்தேன். மகனுக்குச் சம்பளம் கூடியதாம், அம்மாவுக்கு விருந்தாம். "வேற எங்கயாவது போலாம்டா" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்டானா? நீ போய் ஒரு வருஷமாகிறது. அந்த இடத்தில் எனக்குச் சோறு இறங்குமா, நீயே சொல்லு.

மறைமலை நகர் கம்பெனியில் எனக்கு சூப்பர்வைசர் பதவி கிடைத்தபோது உன்னை அந்த ரிசார்ட்டுக்கு விருந்துக்கு அழைத்துப் போனது நான்தான். பன்னிரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து போல்ட்டுகளில் பிசிறு பார்த்தவர்கள் நாம். கேன்டீன் டீயோடு முடிகிற விஷயமா இது என்று எனக்கு ஒரு வீம்பு. ஊரப்பாக்கத்திலிருந்து என் ஸ்கூட்டியில் வண்டலூர், கேளம்பாக்கம் என்று சுற்றிக்கொண்டு போனோம். நீ கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி பட்டுப்புடவை கட்டியிருந்தாய். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினவள், கடற்காற்று அடிக்க ஆரம்பித்ததும் ஏன் அடங்கிப்போனாய் என்று நான் யோசிக்கவே இல்லை.

மெனு கார்டைப் பார்த்ததும்தான் உனக்கு மறுபடி வாய் திறந்தது. "அடிப்பாவி! ஒரு துண்டு மீனுக்கு இன்னா வெல போட்டுகீறான் பாரு! இந்தத் துட்டுக்கு எங்கம்மா மீன் கூடையையே எறக்கி வெச்சிட்டுப் போயிருக்கும்." பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "மெதுவாப் பேசுடி" என்றேன்.

அப்போதுதான் கீழே மணலில் ஒரு பச்சைப் படகு வந்து ஒதுங்கியது. நீ கையில் எடுத்த ஸ்பூனை அப்படியே வைத்துவிட்டாய். "அதோ, லுங்கிய மடிச்சிக் கட்டிகினு வலையத் தூக்கறாரே, அது எங்கண்ணன்டி" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துக் குப்பம்தான் உன் பிறந்த ஊர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு ஊர்க்காரரைக் காதலித்துக் கட்டிக்கொண்டதற்காக, "இனிமே எங்க வாசல மிதிக்காத" என்று உன்னைத் துரத்திய அண்ணன். பதினைந்து வருஷமாக முகத்தில் விழிக்காதவர். அவரைத் திட்டாமல் நீ ஒருநாளும் டிபன் பாக்ஸைத் திறந்ததில்லை. "என் கையில மாட்டட்டும், கீது அவருக்கு" என்பாய்.

அன்றைக்கு நீ திட்டவில்லை. "எளச்சிட்டாருடி" என்றாய். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கைப்பிடிச் சுவரோரம் போய், இரண்டு கைகளையும் வாயோரம் குவித்தாய். காற்றை மீறிப் படகைக் கூப்பிட உங்கள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் நிற்பார்களாம். மெஷின் சத்தத்தைத் தாண்டி நீ என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். அந்தக் குரல் கிளம்பினால் ரிசார்ட்டே அதிரும் என்று எனக்குத் தெரியும். ஓடி வந்து உன் கையைப் பிடித்து இழுத்தேன். "கத்தாதடி, மானம் போகுது! சாப்பிட்டுட்டு கீழ போய்ப் பேசிக்கலாம்."

நீ திரும்பி வந்து உட்கார்ந்தாய். சாப்பிட்டு, பில் வந்து, நாம் இறங்கிப் போனபோது படகுப் பக்கம் யாருமில்லை. "வுடு, இன்னொரு வாட்டி பாத்துக்கலாம்" என்று நீதான் எனக்குச் சமாதானம் சொன்னாய். அந்த இன்னொரு வாட்டி வருவதற்குள் மார்வலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன்னை எடுத்த அன்று உன் அண்ணன் வந்தார். உள்ளே வராமல், மாலையும் கையுமாகத் தெருமுனையிலேயே நின்றார். உன்னோடு வேலை பார்த்தவள் என்று யாரோ காட்ட, என்னிடம் மட்டும் கேட்டார்: "கோவமாவேதான் போய்ச் சேந்துச்சாம்மா?" அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டுமே! தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போனார். ஒரு வருஷமாக என்னைத் தூங்கவிடாமல் அரித்தது இதுதான்.

போன ஞாயிறும் கீழே அதே பச்சைப் படகு. அவரேதான். மகன் மெனுவைப் புரட்டிக்கொண்டிருந்தான். நான் எழுந்து சுவரோரம் போய், "அண்ணா!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. இன்னும் இரண்டு தரம் கத்தினேன். "அம்மா, என்னம்மா இது, எல்லாரும் பாக்குறாங்க" என்று ஓடி வந்தான் மகன். "பாக்கட்டும் போடா" என்றேன். அதற்குள் அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

கீழே இறங்கிப் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்த மேஜையிலிருந்து நீ அவரைப் பார்த்தது, இளைத்துவிட்டார் என்றது, கூப்பிட எழுந்தது, நான் இழுத்து உட்கார வைத்தது, எல்லாம். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"கூப்ட எழுந்துச்சா?" என்றார்.

"எழுந்தா அண்ணா."

"என்னியவா?"

"உங்களத்தான்."

கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "எழுந்துச்சாமே, எழுந்துச்சாமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் பாரம் இறங்கிவிட்டதடி. எனக்கு இறங்கவில்லை. அன்றைக்கு உன்னைப் பிடித்திழுத்த கை என்னிடம்தானே இருக்கிறது. இந்த மடலையும் அந்தக் கையால்தான் எழுதுகிறேன்.