முதலில் ஓடுகிறவள்

நவம்பர் 4, சிம்டேகா ஹாக்கி விடுதி

தாடை வீக்கம் வடிந்துவிட்டது. இன்று சோறு மென்றேன். விடுதிச் சோறு ருசிக்கிறது என்றால் பந்து தாடையில் மட்டும் பட்டிருக்காது.

அடித்தவள் ஜெம்மா, பக்கத்துக் கட்டில்காரி. பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து விசிறுவது அவள் வேலை. கோல் கோட்டிலிருந்து அவளை நோக்கி முதல் ஆளாக ஓடிக் குறுக்கே விழுவது என் வேலை. எல்லோரும் பந்துக்கு விலகும்போது அதை எதிர்கொண்டு ஓட ஒருத்தி வேண்டுமாம். யார் என்று கேட்டபோது கை தூக்கியது நானேதான். ஜெம்மாவுக்குக் குற்ற உணர்ச்சி. தினமும் என் தலையணையில் ஒரு கொய்யாப்பழம் வைக்கிறாள். மெல்ல முடியாதவளுக்குக் கொய்யா.

நவம்பர் 7

மறுபடி முகமூடி மாட்டி ஓடினேன். பயிற்சியாளர் இமில்டா மேடம் விசில் ஊதி நிறுத்தினார்.

"அனஸ்தாசியா, கண்ண மூடிக்கிற."

"இல்ல மேடம்."

"ஜெபம் பண்றதுன்னா ஞாயித்துக்கிழம சர்ச்சுல பண்ணு. இங்க பந்தப் பாரு."

இருபத்தைந்தாம் தேதி ராஞ்சியில் ஜூனியர் முகாமுக்கான தேர்வு. கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறவளைக் கூட்டிப்போக மாட்டாராம். அடுத்த அடிக்குத் தாடை மிஞ்சாதாம்.

நவம்பர் 10

மூடினேன்.

நவம்பர் 11

மூடவில்லை என்று நினைத்தேன். மூடினாய் என்கிறாள் ஜெம்மா. "நான் மெதுவாத்தான்டி விட்டேன்" என்று வேறு சொல்கிறாள். தாடையைவிட இதுதான் வலிக்கிறது.

நானா மூடுகிறேன்? இமை தானாக விழுகிறது. கால் பேச்சைக் கேட்கிறது, கை கேட்கிறது. இத்துனூண்டு தோல், இது மட்டும் ஏன் கேட்கமாட்டேன் என்கிறது?

நவம்பர் 14

அம்மா போன். ஞாயிற்றுக்கிழமை ஊரில் கிடா மேட்ச். பெண்கள் இறுதி ஆட்டம், எங்கள் ஜாம்டோலிக்கும் பாகடாண்டுக்கும். ஜெயித்த ஊருக்குக் கிடா, தோற்ற ஊருக்கு ஒரு ஜோடி வாத்து. எங்களுக்கு ஓர் ஆள் குறைகிறது.

"விடுதிப் புள்ளைங்க கிடா மேட்ச் ஆடக்கூடாதும்மா. தெரிஞ்சா அனுப்பிருவாங்க."

"யாருடி வந்து பாக்கப்போறா? போன வருசமும் வாத்துதான் தின்னோம். சந்தையில என்னக் கண்டா பாகடாண்டுக்காரிங்க குவாக் குவாக்னு கத்துறாளுங்க. உனக்கு மானமா இருக்கா?"

விதி சாப்பாட்டு அறைச் சுவரில் இருக்கிறது: கிடா போட்டியில் ஆடுகிறவர் நீக்கப்படுவார். கீழே இமில்டா மேடத்தின் கையெழுத்து. அவரிடமே விடுப்புக் கேட்டேன். ஊரில் பூசை என்றேன். பொய்யில்லை, ஞாயிறுதோறும் பூசை உண்டு. "போய்ட்டு வா, நானும் இருக்கமாட்டேன், உறவுல ஒரு கல்யாணம்" என்றார்.

எப்படியும் ராஞ்சி இல்லை. கிடாவாவது கிடைக்கட்டும்.

நவம்பர் 17, ஜாம்டோலி

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அறுத்த வயல், வெறுங்கால், முகமூடி கிடையாது. எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் கிடாவைக் கட்டியிருந்தார்கள். கழுத்து மாலையை அதுவே மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு கோல் முன்னால் இருந்தோம். கடைசி நேரத்தில் அவர்களுக்குப் பெனால்டி கார்னர். அடிக்க வந்தவள் புருவம்வரை தலைத்துண்டு கட்டிய, அந்த ஊர் மருமகள் ஒருத்தி.

கோட்டில் நின்றேன். தாடை தானாக இறுகியது. பந்தைத் தள்ளினார்கள், ஓடினேன். அவள் மட்டையை ஓங்கினாள். அந்த இடது முழங்கால் உள்ளே மடியும் விதம் – இதை எங்கே – துண்டு நழுவியது.

இமில்டா மேடம்!

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். சுவரில் ஒட்டியிருந்த விதி மட்டையோடு எதிரே நிற்கும்போது கண்ணை எப்படி மூடுவது? பார்த்தேன். அவர் கண்ணை, மட்டையை, பந்தை. மட்டையை விட்டு அது புறப்பட்டதிலிருந்து என் மட்டையில் வந்து மோதும்வரை பார்த்தேன். விரல்கள் மரத்துப்போயின. பந்து விலகி உருண்டு கிடாவின் காலில் பட்டு நின்றது. நீண்ட விசில்.

மேடம் துண்டைச் சரிசெய்துகொண்டு அருகில் வந்தார்.

"பூச முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மேடம். கல்யாணம்?"

"நல்லா நடந்துச்சு."

அவ்வளவுதான். இரண்டு அக்குளிலும் இரண்டு வாத்தோடு போனார். அவர் யாரென்று தெரியாத என் அம்மா, முதுகைப் பார்த்து ஊருக்கே கேட்கும்படி "குவாக்!" என்றாள்.

நவம்பர் 18, விடுதி

காலையில் மேடம் என்னைப் பார்க்கவில்லை. மதியமும் பார்க்கவில்லை. பெட்டியைக் கட்டிவைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். "அவங்களும்தானே ஆடுனாங்க?" என்கிறாள் ஜெம்மா. அதுதானே பயம். பார்த்தவள் நான் ஒருத்தி. என்னை அனுப்பிவிட்டால் யாருமே பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

மாலையில் கார்னர். "அனஸ்தாசியா, முதல்ல ஓடு. ஜெம்மா, மெதுவா விட்டேன்னு வச்சுக்க, நீ ராஞ்சிக்கு வரவே வேணாம்."

முழு வேகத்தில் விட்டாள். பார்த்தேன்.

நவம்பர் 25, ராஞ்சி

தேர்வு முடிந்தது. குந்தி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு நெட்டச்சி விசிறிய பந்துகள் தாடைக்கென்றே கிளம்பி வந்தன. நான் அவள் தலையில் மனதாலேயே ஒரு துண்டைக் கட்டிவிட்டு ஓடினேன்.

தேர்வாளர் கேட்டார்: "இந்தத் துணிச்சல் எங்கருந்து வந்துச்சு இவளுக்கு?"

"எங்க விடுதியோட ஒழுக்கம் சார்" என்றார் இமில்டா மேடம். முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை.

முடிவு பத்து நாளில் வருமாம்.

டிசம்பர் 12, ஜூனியர் முகாம்

நீலச் செயற்கைப் புல்தரை. வெந்நீர் குழாயில் வருகிறது. கணுக்காலில் ஒரு வீக்கம், முகம் முழுசாக இருக்கிறது.

அம்மா போன் செய்தாள். ஜனவரியில் அடுத்த கிடா மேட்சாம். சந்தையில் பாகடாண்டுக்காரி ஒருத்தி மெனக்கெட்டு வந்து விசாரித்தாளாம்: "உங்க பொண்ணு ஜனவரியிலயும் முகாம்லதானே இருப்பா? நடுவுல லீவு கீவு விடமாட்டாங்கல்ல?"

யாரம்மா என்று கேட்டேன்.

"எவளோ. தலையில துண்டு கட்டியிருந்தா."