கோரஸ் இல்லாத பாட்டு

திங்கள்

காலையிலயே வெயில் சுடுது. காத்து இல்ல. கடையில ரெண்டு போனுக்கு டிஸ்பிளே மாத்தினது, ஒண்டுக்கு சார்ஜிங் பின்.

பின்னேரம் வயசான ஒரு ஐயா போன் திருத்தக் கொண்டு வந்தார். மேசையில வைக்கக்குள்ள அடிச்சிச்சு. ரிங்டோன் நான் பாடின 'சீனிப்பாகு'. நல்ல பாட்டாம், ஆரோ இந்தியாப் பொடியன் பாடினதாம். ஓம் எண்டு சொல்லிட்டு இருந்திட்டன்.

நேத்து கலியாண வீட்டிலயும் அதே பாட்டு, திரும்பத் திரும்ப. நிலா முகம், சீனிச் சிரிப்பு. அப்பிடி ஒரு பிள்ளைய நான் இன்னும் கண்டதே இல்ல. சின்னஞ்சிறுசுகள் ஆடக்குள்ள சந்தோசம்தான். ஆனா எனக்கு வாய் புளிச்சிட்டு.

முடிவு: அடுத்தது கடும் ஹிப்ஹொப். புல்லாங்குழல் வேணாம். கோரஸ் வேணாம். 'சீனி' எண்ட மேடைப் பேரும் வேணாம்.

என்ர பாட்டுகளுக்கு பீட் போடுற ரிப்கானுக்கு ஏறாவூருக்குக் கோல் எடுத்துச் சொன்னன். நல்லாச் சிரிச்சான். ஆனா இருட்ட முதல் பீட் வந்திட்டு. நெல் மில்லுல பெல்ட் ஓடுற சத்தத்த வெட்டி, அதையே அடியா வச்சிருக்கான். கேட்டா கதிரையில இருக்க ஏலாது.

செவ்வாய்

கடை லீவு. பாட்டு எழுதக் குந்தினன். கோபம் வேணும். எனக்கு எதில கோபம் எண்டு யோசிச்சா:
- கரண்ட் போறது
- நுளம்பு
- காசு தாறன் எண்டு தராத கலியாண வீட்டுக்காரர்
- நுளம்பு (திரும்பவும் கடிச்சிட்டு)

பதினாறு வரி எழுதினன். கத்தி, நெருப்பு, புலிப் பாய்ச்சல் எல்லாம் போட்டு. கடைசி நாலு வரி சும்மா பகிடிக்கு. குரலத் தடிப்பாக்கி அறைக்குள்ள பாடிப் பாத்தன். தொண்டை நோவா எண்டு கேட்டுக்கொண்டு அம்மா கொத்தமல்லி அவிச்சுக் கொண்டு வந்தா. குடிச்சன்.

நிரோக்கு இன்னும் சொல்லல்ல. என்ர எல்லாப் பாட்டிலயும் கோரஸ் பாடுறவ. செங்கலடிச் சந்தியில ஒரு பார்மசியில வேலை. சனத்துக்கு மனப்பாடமா இருக்கிறதும் அவ பாடுற இடம்தான். நாளைக்குச் சொல்லலாம்.

புதன்

சொல்லல்ல.

ரிப்கான் என்ர பதினாறு வரியையும் போனில கேட்டான். பிறகு மெதுவாச் சொன்னான்: "மச்சான், இது உன்ட கோபம் இல்ல. வேற ஆரோ கோபப்படுறதப் பாத்து எழுதியிருக்காய்."

போன வச்சிட்டன். சோறு இறங்கல்ல. அதுவும் எனக்குப் பிடிச்ச இறால் கறி.

வியாழன்

மேகம் கறுத்துக் கிடந்துது, மழை இல்ல.

வேலை முடிஞ்சு நிரோ பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள போய்ச் சொன்னன். ஹெட்போனில பீட்டக் கேட்டா. தலை ஆடிச்சு. தன்ட இடம் எங்க வருதெண்டு கேட்டா. இப்பிடிப்பட்ட பாட்டில கோரஸ் வராது எண்டு சொன்னன். சொல்லக்குள்ள அவட முகத்தப் பாக்கல்ல, பஸ் வருதா எண்டு ரோட்டப் பாத்துக்கொண்டு நிண்டன்.

"எனக்குக் கோரஸ் மட்டும்தான் வரும் எண்டு ஆரு உனக்குச் சொன்ன?" எண்டு கேட்டா.

பிறகு பீட்டத் திரும்பப் போடச் சொல்லி, அந்த இடத்திலயே, சத்தம் கூட்டாமப் பாடினா:

ஐயா இல்லையா எண்டு கேக்கிற ஐயா,
உங்கட மருந்து எடுத்துத் தாறது ஆர் கையா?
லேபிள நான் வாசிக்கிறன், லேசா நினைக்காதீங்க,
பேர் ஒண்டு இருக்கு, 'பிள்ள' எண்டு கூப்பிடாதீங்க.

இன்னும் நிறைய. பார்மசிக்கு வாறவங்க அவவத் தாண்டி உள்ளுக்க எட்டிப் பாத்து, ஆம்பிள ஆரும் இல்லையா எண்டு கேப்பாங்களாம். எப்பவோ எழுதினதாம். எனக்குக் காட்டினா நான் இதுக்கும் ஒரு புல்லாங்குழல் வைப்பன் எண்டு நினைச்சாவாம்.

பஸ் வந்திச்சு. ஏறல்ல. அடுத்ததிலதான் போனா.

வெள்ளி

ஜும்மா முடிஞ்ச பிறகு ரெக்கோடிங். ரிப்கான்ட வீட்டு மேல் அறை, சன்னலுக்கு மெத்தை சாத்தி. அவன்ட உம்மா இனிப்புக்கு வட்டிலப்பம் அனுப்பினா.

நிரோ ரெண்டாந் தரத்திலயே முடிச்சிட்டா. ரிப்கான் திரும்பிக்கூடப் பாக்கல்ல, கொம்பியூட்டருக்கே தலையாட்டிக்கொண்டு இருந்தான்.

என்ர பதினாறு வரியில பன்னிரண்ட வெட்டிட்டான். சண்டை பிடிச்சன். இது என்ர பாட்டு எண்டும் சொன்னன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி. ரெண்டு பேரும் முழுப் பாட்டையும் போட்டு விட்டாங்க. கத்தியும் நெருப்பும் இல்ல. காணாத பிள்ளைக்குப் பாட்டுப் பாடுறவன் நான் எண்டு பகிடியா எழுதின நாலு வரிதான் மிச்சம். அதுதான் நல்லா இருக்கு. ஒத்துக்கொண்டன். வட்டிலப்பத்தில ரெண்டாம் துண்டும் எடுத்தன்.

சனி

கரடியனாறு, எங்கட கச்சேரி. விளையாட்டு மைதானத்தில மேடை. நடத்துறவர் 'சீனிப்பாகு' மட்டும் போதும் எண்டு கண்டிப்பாச் சொன்னார். பாடினம். நல்ல கைதட்டு. இறங்கச் சொல்லிக் கை காட்டினார். ரிப்கான் காணாத மாதிரி மில் சத்தத்தப் போட்டுட்டான்.

பின்னால சில பேர் எழும்பிப் போனாங்க. நிரோ மைக்க வாய்க்குக் கிட்டப் பிடிச்சு "ஐயா இல்லையா" எண்டு தொடங்கினா. பொம்பிளைகள்ட பக்கத்தில ஒரு அக்கா பலமாச் சிரிச்சா. பக்கத்துக் கதிரையும் சிரிச்சுது. முடியக்குள்ள அந்தப் பக்கம் முழுக்க எழும்பி நிண்டு அந்த வரியத் திரும்பக் கேட்டாங்க. கேட்டாங்க எண்டா, அவங்களே சொன்னாங்க.

நடத்துறவர் என்னோட கதைக்கல்ல. அவர்ட மனுசி நிரோவோட நிண்டு படம் எடுத்தா.

திங்கள்

விடிய விடிய மழை.

அடுத்த கிழமைக் கலியாண வீட்டுக்காரர் எங்கள வேணாம் எண்டு சொல்லிட்டாங்க, சண்டைப் பாட்டுக்காரராம் நாங்க. வந்தாறுமூலை கம்பஸ் பிள்ளையள் பாடக் கூப்பிட்டிருக்காங்க. முதல்ல நிரோட பேரத்தான் கேட்டாங்க. கொஞ்சம் குத்திச்சு, மத்தியானத்துக்குள்ள சரியாப் போச்சு.

பயம் வேற ஒண்டுக்கு. பார்மசி முதலாளி வீடியோ பாத்திட்டு நிரோவ உள்ளுக்குக் கூப்பிட்டாராம். வேலை போச்சு எண்டு நினைச்சன். கடையப் பூட்டிட்டு மழையோட ஓடினன்.

சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. சட்டையில புதுப் பேர் அட்டை. முதலாளி காலையிலயே அச்சடிச்சுக் கொண்டு வந்தவராம். 'நிரோஜா' எண்டு இல்ல, பிழையா 'நீரோசா' எண்டு இருக்கு. திருத்தித் தாறன் எண்டாராம், வேணாம் எண்டுட்டாவாம். அதையே 'நீ ரோசா?' எண்டு பிரிச்சு அடுத்த பாட்டுக்கு முதல் வரியும் எழுதிட்டா.

அதில எனக்கு எட்டு வரி தருவாவாம். நல்லா எழுதினா மட்டும்.